ஒரே அப்பம்... இரண்டு கல்லறை!



மலர்க் குழுவில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு கட்டுரை எழுதுடா, எதைப் பத்தி வேணாலும் எழுது" என்றார்கள். முதலில் 'நீரின்றி அமையாது உலகு' என்று தலைப்புப் போட்டுத் தண்ணீர் சிக்கனம் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன வருட மலரிலும் அதுதான் இருந்தது. அதற்கு முந்தின வருட மலரிலும் அதுதான். யாரும் படிக்கப் போவதில்லை, யாரும் திட்டவும் போவதில்லை. நல்ல பாதுகாப்பான தலைப்பு! ஆனால் அதற்குள் நவம்பர் 2ஆம் தேதி வந்துவிட்டது. தலைப்பு மாறிவிட்டது.

நவம்பர் 2 எங்களைப் போன்ற கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்துப்போனவங்களை நினைத்து, கல்லறையில் புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாயங்காலம் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். இந்து நண்பர்கள் ஆடி அமாவாசைக்குச் சுருளியில் போய்த் திதி கொடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர்க் கல்லறை, வாய்க்காலுக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. (ஊர்ப் பேர் வேண்டாம். படிக்கிற பலருக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வந்தால் போதும்.) உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு முள்கம்பி வேலி. அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள். இந்தப் பக்கம் காலனிக்காரர்கள். இரண்டு பக்கமும் சிலுவைதான். இரண்டு பக்கமும் அதே மாதா படம்தான். சாமியார் முதலில் அந்தப் பக்கம் தீர்த்தம் தெளித்துவிட்டு, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார். நாங்கள் இந்தப் பக்கம்.

இந்த வருடம் எங்க அப்பத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மெழுகுவர்த்தி அணைந்துபோய்ச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால்... நம்ம காலேஜ்! தினமும் என்கூட ஒரே பஸ்ஸில் வருகிறவன். கேன்டீனில் ஒரே பரோட்டாவை ரெண்டு பேரும் பிய்த்துத் தின்போம்.

"மாப்ள... தீப்பெட்டி இருக்கா?"

வேலிக்கு மேலே கையை நீட்டினான். கொடுத்தேன். ஏத்திக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

'இதுல என்னடா இருக்கு?' என்பீர்கள். தீப்பெட்டி வேலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. நாங்க ரெண்டு பேரும் தாண்டவில்லை. அன்று காலையில்தான் ஒரே பூசையில், ஒரே பீடத்தில், ஒரே அப்பத்தை நற்கருணையாக வாங்கினோம். காலையில் ஒரே அப்பம். சாயங்காலம் இரண்டு கல்லறை. இதுதான் என்னை எழுத வைத்தது.

இன்றைய உலகத்தில் ஒரு கிறிஸ்தவன் தன் விசுவாசத்தை எப்படி வாழ்ந்து காட்டுவது? கோவில் பிரசங்கத்தில் இதற்குப் பல பதில் கேட்டிருக்கிறேன். சினிமா பார்க்காதே, செல்போனைக் குறை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வா, தண்ணியடிக்காதே, பைபிள் வாசி. எல்லாம் நல்ல விஷயந்தான். ஆனால் என் கருத்து வேறே. நம்ம மண்ணில் கிறிஸ்தவனுக்கு இதெல்லாம் இன்டர்னல் மார்க். போர்டு எக்ஸாம் ஒன்றே ஒன்றுதான். அது சாதி! அதில் பெயிலானவன் மற்ற எதில் நூறு வாங்கினாலும் அரியர்தான்.

ஒரு சர்டிபிகேட்டின் கதை

என் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. மருந்தடிப்பார், கவாத்து வெட்டுவார், பந்தலுக்குக் கம்பி கட்டுவார். 2023இல் நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததென்று பேப்பரில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். "கூலி ஏறுமாடா?" என்று கேட்டார். அம்மா விடியக்காலம் ஜீப்பில் ஏறி, குமுளி மலை தாண்டி ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர். இருட்டோடு போய் இருட்டோடு வருவார்.

பத்தாவது முடித்து இங்கே சேர வந்தபோது எனக்கு மெக்கானிக்கல் மேல்தான் ஆசை. என் மார்க்குக்கு அது கிடைக்கவில்லை, சிவில்தான் கிடைத்தது. அதே தெரு, அதே சாதி, அதே கூலிக்காரக் குடும்பம், என்னைவிட மார்க்கும் கம்மி... என் மாமா மகனுக்கு மெக்கானிக்கல் கிடைத்தது. காரணம் சர்டிபிகேட்டில் ஒரு வார்த்தை. அவன் இந்து, எஸ்.சி. பட்டியல். நான் கிறிஸ்தவன், பி.சி. பட்டியல். அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவனுக்குக் கிடைத்தது நியாயம். என் கேள்வி, ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் தெருவை ஊருக்குள் நகர்த்தி வைத்துவிட்டதா என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று லைப்ரரியிலும் வெளியிலும் தேடிப் படித்தேன். 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவர் மட்டுமே எஸ்.சி. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர்கள் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். அங்கே தோட்டம் துரவு வைத்திருக்கிறவர் பிள்ளைகளோடும், டியூஷன் படித்தவர்களோடும் போட்டி போட வேண்டும். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது: நம்ம மாநில அரசு கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் சேர்த்திருக்கிறது. அது இல்லையென்றால் நான் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சீட்டும் வேலையும் மட்டுமல்ல. சாதியைச் சொல்லி ஒருத்தன் அடித்தால், 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்குத் துணை நிற்கும். சர்டிபிகேட்டில் கிறிஸ்தவன் என்று இருந்தால் அந்தச் சட்டம் கிடையாது. அடிக்கிறவன் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சூசை என்று ஒருவர். சென்னையில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். எஸ்.சி. தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குச் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்றது நீதிமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் எஸ்.சி. தகுதியையும் பிரித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கோவிலுக்குப் போய்க்கொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் சேர வருகிற நேரத்தில், எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் அப்பாவிடம் யோசனை சொன்னார். "பேரை மாத்தி எழுதிக் கொடுப்பா. ஞாயித்துக்கெழமை பூசைக்கு வர்றத யாரு பாக்கப் போறா? ஊருல பாதிப் பேரு இப்படித்தான இருக்கான்!"

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அம்மா சொன்னது: "சாமி மனசுல இருந்தாப் போதாதா? பேப்பர்லயும் இருக்கணுமா? பிள்ள படிச்சு முன்னுக்கு வந்தா அதுவும் சாமி செயல்தான?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ பாலம் கட்டுவ, ரோடு போடுவ. கையெழுத்துப் போடுவ. மொதக் கையெழுத்தே பொய்யின்னா, அடுத்த கையெழுத்து எப்படிடா இருக்கும்?" என்றார்.

கிறிஸ்தவன் என்றே எழுதினோம். எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். என் கண்ணுக்குத் தெரிந்து விசுவாசத்தை வாழ்ந்து காட்டியவர் அவர்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் நண்பர்களே... அம்மா சொன்னது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒர்க்‌ஷாப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா பேச்சு ஞாபகம் வரும். வேறு மாதிரி எழுதிக் கொடுத்த குடும்பங்களைப் பார்த்து 'கள்ளக் கிறிஸ்தவன்' என்று கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பொய் சொன்னால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்கிற நிலையில் ஒரு ஏழையை நிறுத்தி வைத்தவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"அதான் மாறிட்டீங்களே, அப்புறம் என்ன?"

ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான்: "சாதி வேண்டாம்னுதானே அந்த மதத்துக்குப் போனீங்க? அங்கதான் சாதி இல்லையே, அப்புறம் எதுக்குச் சலுகை?" நல்ல கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பதில் இதுதான். சாதி இல்லை என்பது பைபிளில். எங்க ஊரில் இல்லை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் வீடு அதே காலனியில். வேலை அதே தோட்டத்தில். டீக்கடையிலும் வரப்பிலும் எங்க தாத்தாவை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள், ஞானஸ்நானத்துக்குப் பிறகும் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள்!

கோவிலுக்குள் சாதி நேற்று வந்ததல்ல. 1606இல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, பெரிய பண்டிதரானார். தத்துவ போதகர் என்று பெயர். தமிழுக்கு அவர் செய்த தொண்டு பெரியது. ஆனால் உயர்சாதிக்காரர்கள் வர வேண்டும் என்பதற்காக, அவர்களுக்குத் தனிக் கோவில், தனிப் பழக்கம் என்று ஏற்பட்டது. பின்னால் உயர்சாதிக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று பிரித்தார்கள். ஆளைச் சேர்ப்பதற்காகச் சாதியோடு செய்துகொண்ட சமாதானம் அது. நானூறு வருடம் ஆகியும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கட்டளை போட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய எதிர்ப்பு வந்தது. அடுத்த வருடம் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷனுக்கு நம்ம பெரியகுளமும் ஒரு நிலையம். 1840களில் அந்த மிஷன்காரர்கள், சபையில் இருக்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். பலபேர் சாப்பிட மாட்டேன் என்று சபையை விட்டே போனார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்றார்கள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. நொபிலிக்கு இருந்த படிப்பும் இவர்களுக்கு இருந்த பிடிவாதமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து ஒரு சுவர் எழுப்பியது ஊரறிந்த விஷயம். எங்க ஊரில் முள்கம்பி. அங்கே செங்கல், சிமெண்டு. சிவில் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், சுவர் என்றால் எதையாவது தாங்க வேண்டும், அல்லது எதிலிருந்தாவது காக்க வேண்டும். அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது? செத்தவனை யாரிடமிருந்து காக்கிறது? உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் நடந்தது இன்னும் கொடுமை. தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய், 2 பேர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

இரண்டு நாக்கு

இங்கேதான் எங்கள் திருச்சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நான் அதன் பிள்ளை. பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது?

தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி கொடுங்கள் என்று ஆயர்கள் டெல்லியில் ஊர்வலம் போகிறார்கள், மனுக் கொடுக்கிறார்கள். நல்லது. அந்த மனுவின் அர்த்தம் என்ன? 'எங்களுக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது' என்பதுதானே! ஆனால் அதே கோவில் நிர்வாகம் ஊருக்குள் வந்தால், 'நம்ம பங்கில் சாதியே கிடையாது, ஏன் பிரச்சினை கிளப்புறீங்க?' என்கிறது. டெல்லியில் ஒரு நாக்கு, ஊரில் ஒரு நாக்கு. இந்த இரண்டாவது நாக்கு எங்களுக்குச் செய்கிற கெடுதல் கொஞ்சமல்ல. 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சலுகை இல்லை' என்று கோர்ட்டில் வாதாடுகிறவர்களுக்கு வாதத்தை எடுத்துக் கொடுப்பதே 'நம்ம பங்கில் சாதி இல்லை' என்று மூடி மறைக்கிற நம்ம ஆட்கள்தான்!

மேல்மட்டத்தில் யாரும் பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003இல் ரோமாபுரிக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்று நேரடியாகவே சொன்னார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது முடிய வேண்டும் என்று அறிக்கையே வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் கேக் வெட்டினோம். ரோமாபுரியில் எங்கள் ஆள் சிவப்புத் தொப்பி போட்டுவிட்டார். எங்க ஊர்க் கல்லறையில் முள்கம்பி அப்படியே இருக்கிறது. தலைமடையில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு விவசாயி மகனுக்கு இது புரியாமல் போகாது.

கழுத்தில் சிலுவை, கையில் கயிறு

சரி, பெரியவர்களைத் திட்டியாகிவிட்டது. இனி நாம்.

பெரியவர்கள் வளர்ந்தது அந்தக் காலத்தில் என்று சொல்லித் தப்பிக்கலாம். நாம் பதினெட்டு வயதுக்காரர்கள். கையில் செல்போன், காதில் ஹெட்செட், உலகமே உள்ளங்கையில். ஆனால் அந்தச் செல்போனைத் திறந்து ஸ்டேட்டஸைப் பாருங்கள். 'ஆண்ட பரம்பரை', 'சிங்கம்', 'வீர வம்சம்'... போன தலைமுறையில் சாதி டீக்கடை பெஞ்சில் இருந்தது. நம்ம தலைமுறையில் பாட்டுப் போட்டு, எடிட் பண்ணி, ரீல்ஸில் ஓடுகிறது. அதில் லைக் போடுகிற பெயர்களைப் பார்த்தால் ஜோசப்பும் இருக்கிறான், ஆரோக்கியமும் இருக்கிறான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாகக் கட்டுகிற கலர்க் கயிற்றைத் தடை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு 2024இல் சொன்னது. ஒரு நாட்டில் கயிற்றைத் தடை செய்ய ஒரு நீதிபதி தேவைப்படுகிறார் என்றால் மாணவர்களாகிய நாம் வெட்கப்பட வேண்டாமா?

கழுத்தில் வெள்ளிச் சிலுவையும் கையில் சாதிக் கயிறும் சேர்த்துக் கட்டியவர்களை நம்ம பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்திருக்கிறேன். தம்பி, ரெண்டில் ஒன்றை அவிழ்த்துவிடு! ரெண்டையும் ஒரே உடம்பு தாங்காது. இயேசு கிணற்றடியில் யாரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அந்தச் சமாரியப் பெண் தீண்டத்தகாதவள் என்று ஊர் ஒதுக்கி வைத்த கூட்டத்தைச் சேர்ந்தவள். கேட்டவர் மேல்பக்கத்துக்காரர். அவராகத்தான் கேட்டார், அவராகத்தான் வேலியைத் தாண்டினார்.

நம்ம பள்ளத்தாக்கு எதைப் பார்க்கிறது?

ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். வருடா வருடம் ஜனவரி 15 அன்று நம்ம பக்கத்து விவசாயிகள் பென்னிகுவிக் துரைக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். பிள்ளைக்கு அவர் பேர். 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எத்தனையோ கூலித் தொழிலாளிகள் செத்துக் கட்டிய அணை அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது, 130 வருடம் ஆகியும் நிற்கிறது.

பொங்கல் வைக்கிற ஜனங்கள், அவர் எந்தக் கோவிலுக்குப் போனார், எத்தனை செபம் சொன்னார் என்று கேட்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். வந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நம்ம மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம்பேர்தான். மற்ற எல்லாரும் நம்மைப் பார்ப்பது இப்படித்தான். கிறிஸ்துமஸ் ஸ்டார் எத்தனை அடி, குடில் எத்தனை ஆயிரம், தேர்பவனிக்கு எத்தனை லைட் என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. 'இவனுங்க மாறிட்டாங்களே, ஒருத்தனை ஒருத்தன் எப்படி நடத்துறான்?' என்றுதான் பார்க்கிறார்கள். வேலியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல், மைக் வைத்து எத்தனை பிரசங்கம் பண்ணி என்ன பிரயோசனம்?

நம்மால் என்ன முடியும்?

டெல்லிச் சட்டத்தை நாம் நாளைக்கே மாற்ற முடியாது. ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. அங்கே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆனால் யாரிடமும் அனுமதி வாங்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, சாதிப் பெருமை ஸ்டேட்டஸ் வைக்காதே, லைக் போடாதே, கையில் கயிறு கட்டாதே. இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, உன் நண்பனை உன் வீட்டுக்குக் கூட்டிப் போ. கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிடுவது சுலபம். உன் வீட்டு நடுவீட்டில், உன் அம்மா கையால், அதே தட்டில் அவனுக்குச் சோறு போட வை. அன்றைக்குத்தான் நீ ஒரே அப்பம் சாப்பிட்டவன் என்று ஒத்துக்கொள்வேன்.

மூன்றாவது, இன்னும் சில வருடத்தில் நமக்கெல்லாம் கல்யாணப் பேச்சு வரும். 'கிறிஸ்தவப் பெண் தேவை' என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் சாதியைப் போடுவார்கள். அந்த இரண்டாவது வரியை அடிக்கச் சொல். அப்பா கோபப்படுவார். படட்டும்.

நான்காவது, ஊரில் பங்குக் கூட்டம் நடக்கும்போது போய் உட்கார். சாமியாரிடம் மரியாதையாகவே கேள்: "சாமி, அந்த வேலியை எப்ப எடுக்கப் போறோம்?" ஒவ்வொரு கூட்டத்திலும் கேள். எடுக்கிற வரைக்கும் கேள்.

இதெல்லாம் கிறிஸ்தவ நண்பர்களுக்கு மட்டும்தானா? இல்லை. ஊருக்கு ஊர் தனிச் சுடுகாடு, தனிப் பாதை இருப்பது நம்ம எல்லாருக்கும் தெரியும். நான் என் வீட்டு அழுக்கை நடுத்தெருவில் கொட்டிக் கழுவுகிறேன். நீங்கள் உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள் நண்பர்களே, அது போதும்.

கடைசியாக, தீப்பெட்டி கேட்டவனுக்கு ஒரு வார்த்தை. நீ இந்த மலரைக் கட்டாயம் படிப்பாய். உன் பேரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை மாப்ள. நீ நல்லவன். அன்றைக்கு நீ தாண்டவில்லை. நானும் 'வாடா' என்று கூப்பிடவில்லை. பயம் ரெண்டு பேருக்குமே இருந்தது. உனக்கு உன் அப்பாவைப் பார்த்துப் பயம். எனக்கு உன் ஊரைப் பார்த்துப் பயம்.

அந்த வேலியில், வாய்க்கால் பக்கத்து மூலையில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன், சர்வேயிங் படித்தது வீண் போகவில்லை! அடுத்த நவம்பர் 2 அன்று நீ அந்தப் பக்கமிருந்து வா. எங்க அப்பத்தாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்து. நான் உங்க தாத்தாவுக்கு ஒன்று ஏத்துகிறேன்.

தீப்பெட்டி நான் கொண்டு வருகிறேன்.

— மூன்றாமாண்டு, அமைப்பியல் துறை